வலமா, இடமா

பிப்ரவரி. ஓவியேதோவில் ஒன்பது நாளாக மழை.
சமையலறை மேசையில் வரைபடம் சுருண்டுகொள்ளப் பார்க்கிறது.
மூலைக்கு ஒன்றாகக் கனம் வைத்தேன்:
உப்பு ஜாடி, கழற்றிப் போட்ட பெடல்,
பாதி தின்ற சீமைமாதுளைப் பாகு,
நாலாவதற்கு என் முழங்கை.

பகலெல்லாம் பிறர் வாய்க்குள் குனிந்திருப்பவள் நான்.
வீட்டுக்கு வந்தும் கையில் அதே மெழுகு நூல்.
பல்லிடுக்குக்கென்று செய்தது
கொண்டை ஊசி வளைவுக்கும் வளைந்துகொடுக்கிறது.
சொமியேதோவில் ஒரு முனையை நகத்தால் அழுத்திச்
சாலை போன போக்கில் நூலை நடத்துகிறேன்:
சான் லொரென்சோ, தெவெர்கா,
ஜன்னல் என்று பேர்வைத்த கணவாய் வென்தானா,
மலைக்கு அந்தப் பக்கம் பாபியாவின் புல்வெளி,
மறுபடி ஒரு ஏற்றம், நீண்ட இறக்கம்,
புறப்பட்ட இடம்.
நூறு தாண்டி இன்னொரு பத்து கிலோமீட்டர்.
நூலுக்கு மூச்சு வாங்கவில்லை.

பின்சக்கரத்துக்கு முப்பத்திரண்டு பல் போதாதா?
மனிதனுக்கே அவ்வளவுதான் கொடுத்திருக்கிறது.
அமதோர் முப்பத்துநான்கு கேட்கிறான்.

எழுதி வைக்கிறேன்:
மாடு தாண்டாமலிருக்கச் சாலையில் பதித்த கம்பிகள்
ஈரமாக இருந்தால் கைப்பிடியைத் திருப்பாதே.
பாபியாவில் ஆட்டுக்காவல் நாய் வந்தால் இறங்கு,
சைக்கிளை நடுவில் நிறுத்திப் பேசாமல் நட.
கரடியைப் பற்றிக் கவலை வேண்டாம்,
நம் வியர்வை எட்டிய உடனே
அது காட்டுக்குள் முகம் திருப்பிக்கொள்ளும்.
ட்யூப் இரண்டு. மழைச்சட்டை,
ஜூன் என்றாலும் மழைச்சட்டை.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதுதான் பாக்கி.

இடமாக, என்று போன கோடையிலேயே சொல்லிவிட்டான்.
சான் லொரென்சோ கடைசியில் வரவேண்டும்,
கால் செத்த பிறகு வரவேண்டும்,
முடிவில் கடிக்காத மலை என்ன மலை என்று
சிடர் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கினான்.
அது கோடை.
நவம்பரில் அவன் நெஞ்சுக்குள்
பேனா ரீஃபில் கனத்தில் ஒரு கம்பிவலைக் குழாயை விரித்தார்கள்.
நாடி நூற்று நாற்பதுக்கு மேல் போகக் கூடாது
என்றாராம் டாக்டர்.
இரண்டு கணவாய் ஏறி இறங்கி வந்தவனுக்கு
சான் லொரென்சோவின் அடிவாரத்திலேயே
நூற்று நாற்பது வந்துவிடும்.

நூலை எடுத்து மறுபடி வைத்தேன், வலமாக.
விடியற்காலைக் குளிரில் அந்த ஏற்றம் முதலில்,
கால் புதிது, நிழல் நீளம்,
வேண்டுமானால் ஒவ்வொரு வளைவிலும் நிற்கலாம்.
பிறகு பென்சிலால் சிறு புள்ளிகள்,
சாலையோடு சாலையாக, வேறு யார் கண்ணிலும் படாதபடி.
எங்கெல்லாம் ஒரு கார் திரும்ப இடமிருக்கிறதோ அங்கெல்லாம்.
போன் எடுக்காத பள்ளத்தாக்குகளுக்கு
மெல்லிய சாம்பல் பூச்சு.
வென்தானாவுக்குக் கீழே
பீச் மரங்களுக்குள் சாலை போகும் இடத்தில்
பூச்சு நீண்டுகொண்டே போனது.
பென்சிலைச் சீவிக்கொண்டு திரும்ப அங்கேயே வந்தேன்.
அன்று படுக்கும்போது மணி இரண்டு.

வழியை அனுப்பிய கால்மணி நேரத்தில் அழைத்தான்.

"திருப்பிப் போட்டிருக்கிறாய், நேலிதா."
"காற்றுக்காக."
"மதியத்துக்கு மேல் பாபியாவில் மேற்குக் காற்று.
வலம் வந்தால் மூஞ்சியில் அறையும்.
உனக்குத் தெரியாததா?"

கூரைத் தகரத்தில் மழை.
அவன் பக்கத்திலும் அதே மழை, அரை நொடி பின்தங்கி.
நூலைச் சுண்டுவிரலில் சுற்றினேன்,
நுனி வெளுக்கும் வரை.
அவிழ்த்தேன்.

"தெரியும்" என்றேன்.

அவன் ஏதோ மெல்லும் சத்தம். வால்நட்டாக இருக்கும்.
விழுங்கி முடித்துச் சொன்னான்:
"பாபியாவில் அந்த முட்டை அடை போடும் கடை
செவ்வாய்க்கிழமை திறக்கமாட்டான்.
புதன் வைத்துக்கொள்."

செவ்வாயை அடித்துவிட்டுப் புதன் என்று எழுதினேன்.
முழங்கையை எடுத்ததும்
வரைபடம் அந்த ஒரு மூலையில் மட்டும்
எழுந்து சுருண்டது.